ஜிம் உடை மாற்றும் அறை: மூக்கை நம்பாதீர்கள், தரையைப் பாருங்கள்

ஜிம்மின் உடை மாற்றும் அறைக்குள் நுழைந்ததுமே மூக்கு தீர்ப்பு எழுதிவிடுகிறது. பினாயில் மணந்தால் சுத்தம், வியர்வை மணந்தால் அழுக்கு. நானும் வெகுநாள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். கடைசியில் எனக்குச் சேற்றுப்புண் ஒட்டிக்கொண்டது, எலுமிச்சை வாசம் கமகமத்த ஓர் அறையில். அந்த அறையின் தரை எப்போதும் பளபளவென்று இருக்கும். எப்போது போனாலும் ஈரமாகவும் இருக்கும். இரண்டாவது விஷயத்தைத்தான் நான் கவனித்திருக்க வேண்டும்.

உடை மாற்றும் அறையின் சுகாதாரம் என்றதும் எந்த மருந்து தெளிப்பது, ஒரு நாளைக்கு எத்தனை தடவை தெளிப்பது என்றுதான் பேச்சு போகும். அதற்கும் வருவோம். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இந்த அறைக்குள் வரும் தண்ணீர் எவ்வளவு நேரத்தில் வெளியேறுகிறது?

தண்ணீர் எங்கிருந்தெல்லாம் வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். ஷவரிலிருந்து சொட்டச் சொட்ட வெளியே வரும் உடம்பு, தோளில் தொங்கும் ஈரத்துண்டு, பிழிந்தால் ஒழுகும் பனியன், சுவரில் முத்து முத்தாகப் படியும் நீராவி. போதாததற்குச் சுத்தம் செய்கிறேன் என்று வாளி வாளியாக ஊற்றுவது வேறு. இதோடு அறையின் வெதுவெதுப்பும், எல்லோர் உடம்பிலிருந்தும் உதிர்கிற தோல் துகள்களும் சேர்கின்றன. நம் தோலின் மேற்புறம் சுமார் நான்கு வாரத்தில் முழுக்கப் புதுப்பித்துக்கொள்கிறது. பழைய செல்கள் கண்ணுக்குத் தெரியாத செதில்களாகக் கொட்டிக்கொண்டே இருக்கும். உடையைக் கழற்றிப் போட்டு, துண்டால் அழுத்தித் துடைக்கும் இடத்தில் இன்னும் கூடுதலாகக் கொட்டும். நுண்ணுயிர்களுக்கு இருப்பிடம், சாப்பாடு, தண்ணீர் மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்துவிடுகின்றன. இந்த மூன்றில் வெதுவெதுப்பை நம்மால் பெரிதாக மாற்ற முடியாது, தோல் உதிர்வதையும் நிறுத்த முடியாது. நம் கையில் இருப்பது ஈரம் மட்டும்தான்.

நாற்றம் சொல்வது என்ன?

வியர்வைக்குச் சொந்தமாக வாசனை கிடையாது என்றால் பலர் நம்புவதில்லை. உடல் முழுக்க இருக்கும் 20 லட்சத்திலிருந்து 40 லட்சம் வியர்வைச் சுரப்பிகளில் பெரும்பாலானவை சுரப்பது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர்தான். அக்குளிலும் தொடை இடுக்கிலும் இருக்கும் இன்னொரு வகைச் சுரப்பிகள் கொஞ்சம் கொழுப்பும் புரதமும் கலந்து சுரக்கின்றன. அதுவும் வெளியே வரும்போது ஏறக்குறைய மணமற்றது. தோலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதைச் சாப்பிட்டுச் சிதைக்கும்போதுதான் அந்தப் பழகிய நெடி கிளம்புகிறது.

துணிக்கும் இதில் பங்கு உண்டு. 2014-இல் பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 26 பேரைக் கடுமையாகச் சைக்கிள் மிதிக்க வைத்து, அவர்கள் போட்டிருந்த சட்டைகளை ஆராய்ந்தார்கள். பருத்திச் சட்டைகளைவிட பாலியஸ்டர் சட்டைகள் மோசமாக நாறின. காரணம், மைக்ரோகாக்கஸ் என்ற பாக்டீரியா பாலியஸ்டர் இழைகளில் செழித்து வளர்ந்திருந்தது. ஜிம் உடைகளில் பெரும்பாலானவை பாலியஸ்டர் என்பதால், லாக்கரைத் திறந்ததும் முகத்தில் அறையும் வாடைக்குப் பாதிக் காரணம் விளங்கிவிடும்.

ஆனால் இந்த நாற்றப் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் நோய் தருபவை இல்லை. நாறும் லாக்கர் எரிச்சலூட்டலாம், ஆபத்தானது என்று சொல்லிவிட முடியாது. மறுபக்கம், நோய் தரும் பூஞ்சைக்கோ வைரஸுக்கோ தரையில் கிடக்கும்போது வாடையே கிடையாது. வாசனை ஸ்பிரே அடிப்பது யாருக்கும் எந்தப் பாதுகாப்பும் தருவதில்லை. சொல்லப்போனால், எங்கோ ஈரம் தங்குகிறது என்று நாற்றம் கொடுத்துக்கொண்டிருந்த ஒரே எச்சரிக்கையையும் அது மூடி மறைத்துவிடுகிறது.

ஒரு நாற்றத்துக்கு மட்டும் விதிவிலக்கு தரலாம்: சாக்கடை வாடை. தரை வடிகாலுக்குக் கீழே குழாய் வளைந்து, அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும்படி அமைத்திருப்பார்கள். சாக்கடைக் காற்று மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். யாரும் பயன்படுத்தாத ஷவர் ஒன்றில் சில வாரம் தண்ணீர் ஓடாவிட்டால் அது வற்றிவிடும், நெடி மேலே ஏறும். ஒரு வாளித் தண்ணீரை வடிகாலில் ஊற்றினால் தீர்ந்துபோகும் பிரச்சினை இது. இதற்காகத் தரையையே பெயர்த்தவர்களை எனக்குத் தெரியும்.

வெறுங்காலின் கதை

உடை மாற்றும் அறையில் ஒட்டிக்கொள்வதிலேயே மிகச் சாதாரணமானது சேற்றுப்புண். பெயரில் சேறு இருந்தாலும் சேற்றுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாமல் வரலாம். டிரைக்கோபைட்டான் வகைப் பூஞ்சைகள்தான் காரணம். இவற்றின் உணவு கெரட்டின், அதாவது நம் தோலும் நகமும் முடியும் எதனால் ஆனதோ அந்தப் புரதம். பாதிக்கப்பட்டவரின் பாதத்திலிருந்து உதிரும் செதிலோடு பூஞ்சையின் விதைத்துகள்களும் தரையில் விழும். அந்தச் செதில் மாதக்கணக்கில் காத்திருக்கும். அடுத்தவரின் ஈரமான வெறுங்கால் அதன்மேல் படும்போது அழகாக ஒட்டிக்கொள்ளும்.

ஒட்டியவுடன் நோய் வந்துவிடாது. காலைக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டால் பெரும்பாலும் அங்கேயே கதை முடிந்துவிடும். ஆனால் ஈரக்காலோடு சாக்ஸ் மாட்டி, அதன்மேல் ஷூ போட்டு, நாள் முழுக்க வைத்திருந்தால் விரலிடுக்கில் தோல் ஊறி வெளுத்துவிடும். பூஞ்சை உள்ளே போவது அந்த வழியாகத்தான். பொதுவாகச் சுண்டுவிரலுக்கும் அதற்கு அடுத்த விரலுக்கும் இடையில் தொடங்கும். அங்கேதான் விரல்கள் மிக நெருக்கமாக ஒட்டியிருக்கின்றன, காற்று புகுவதே இல்லை.

அங்கிருந்து அது பயணமும் போகும். தொடை இடுக்கில் வரும் படர்தாமரை பல நேரங்களில் காலிலிருந்து ஏறியதுதான். பாதம் அரிக்கிற ஒருவர் உள்ளாடை மாட்டும்போது என்ன நடக்கிறது? விரல்கள் துணியின் உட்புறத்தை உரசிக்கொண்டே போகின்றன. அதனால்தான் தோல் மருத்துவர்கள் ஒரு வேடிக்கையான யோசனை சொல்வார்கள்: முதலில் சாக்ஸ், பிறகு உள்ளாடை. கண்ணாடியில் பார்த்தால் சிரிப்பாகத்தான் இருக்கும். பரவாயில்லை, வேலை செய்யும்.

வந்துவிட்டால் பூஞ்சைக் களிம்பு போதும். டெர்பினாஃபின் என்றால் பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு வாரம், கிளோட்ரிமசோல் என்றால் நான்கு வாரம் வரை ஆகும். இங்கே இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. அரிப்பு நின்றதும் மருந்தையும் நிறுத்திவிடுவது ஒன்று. அப்போது பூஞ்சை முழுக்கப் போயிருக்காது. இன்னொன்று, ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தானாக வாங்கித் தடவுவது. இரண்டே நாளில் சிவப்பும் அரிப்பும் அடங்கிவிடும், நிம்மதியாக இருக்கும். உண்மையில் ஸ்டீராய்டு அடக்கியது உடம்பின் எதிர்ப்பை. கீழே பூஞ்சை சத்தமில்லாமல் பரவி, அடுத்து வெளிப்படும்போது மருத்துவரே அடையாளம் காணத் தடுமாறும் அளவுக்கு உருமாறியிருக்கும்.

உள்ளங்காலில் வரும் மருவும் இதே தரையிலிருந்துதான் தொற்றுகிறது. ஹெச்பிவி என்ற வைரஸ் குடும்பத்தின் சில வகைகள் இதற்குக் காரணம். கால் ஆணி என்று நினைத்து வெட்டிக்கொண்டிருப்பவர்கள் நிறைய. மருவாக இருந்தால் அதில் சின்னச் சின்னக் கருப்புப் புள்ளிகள் தெரியும். உறைந்துபோன நுண்ணிய ரத்தக்குழாய்கள் அவை. இந்த வைரஸுக்குக் கொழுப்பாலான வெளியுறை இல்லை. சானிடைசர் போன்ற ஆல்கஹால் திரவங்கள் அந்த உறையைக் கரைத்துத்தான் பல வைரஸ்களைச் செயலிழக்க வைக்கின்றன. உறையே இல்லாத இதனிடம் அவை அவ்வளவாக எடுபடுவதில்லை. ஆகவே, காலில் சானிடைசர் தேய்ப்பதைவிடக் காலில் செருப்பு போடுவது எவ்வளவோ மேல்.

துண்டும் சிராய்ப்பும்

ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்று ஒரு பாக்டீரியா. சுருக்கமாக ஸ்டாஃப் என்பார்கள். பத்துப் பேரில் சுமார் மூன்று பேரின் மூக்குக்குள் அது சமத்தாகக் குடியிருக்கிறது. அவர்களுக்கு ஒன்றும் செய்யாது. தோலில் ஒரு கீறல் கிடைத்தால்தான் அதன் குணம் மாறும்: கொப்புளம், சீழ்க்கட்டி, சிவந்து பரவும் வீக்கம். இதிலேயே வழக்கமான ஆன்டிபயாட்டிக் மருந்துகளுக்கு மசியாத வகையை எம்ஆர்எஸ்ஏ என்கிறார்கள்.

இது எப்படிப் பரவுகிறது என்பதற்கு நன்றாக ஆராயப்பட்ட ஓர் உதாரணம் உண்டு. 2003-இல் அமெரிக்கக் கால்பந்து அணியான செயின்ட் லூயிஸ் ராம்ஸின் 58 வீரர்களில் 5 பேருக்கு மொத்தம் 8 முறை எம்ஆர்எஸ்ஏ தோல் தொற்று வந்தது. அதைப் பற்றிய ஆய்வு 2005-இல் வெளியானது. எட்டும் செயற்கைப் புல்தரையில் விழுந்து சிராய்த்த இடங்களில் வந்தவை. அணியில் ஒரே துண்டை மூன்று பேர் வரை பயன்படுத்தியிருந்தார்கள். குளிக்காமலேயே, வெந்நீர் சுழலும் பொதுத் தொட்டியில் இறங்கும் பழக்கமும் இருந்தது. இதில் எனக்குச் சுவாரசியமாகப் பட்டது வேறொன்று. அணியின் அறைகளிலும் பொருட்களிலும் மாதிரி எடுத்துத் தேடினார்கள். எம்ஆர்எஸ்ஏ எங்கும் சிக்கவில்லை. சுவரையும் கதவையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருந்தால் அங்கே பெரிதாக எதுவும் மாறியிருக்காது போலும். திறந்த காயம், தோலோடு தோல் படுவது, கைமாறும் துண்டு என்று மூன்றும் சேர்ந்து கிருமிக்கு நேர்வழி போட்டுக் கொடுத்திருந்தன.

இதிலிருந்து நமக்கு உடனே உதவுவது இவ்வளவுதான். சிராய்ப்பு இருந்தால் மூடிக் கட்டிவிட்டு ஜிம்முக்குப் போங்கள். துண்டு, சவரக்கத்தி, சோப்புக்கட்டி மூன்றையும் யாருக்கும் கொடுக்காதீர்கள், யாரிடமும் வாங்காதீர்கள். நெருங்கிய நண்பர் கோபித்துக்கொண்டாலும் சரி. கால், மார்பு என்று சவரம் செய்கிறவர்கள் ஜிம்முக்குக் கிளம்பும் முன் அதைச் செய்யாமல், முடித்து வந்தபின் வைத்துக்கொண்டால் கண்ணுக்குத் தெரியாத கீறல்களோடு பொது பெஞ்சில் உட்கார வேண்டியிருக்காது. பூச்சி கடித்தது என்று நினைத்த சிவப்புக் கட்டி நாளுக்கு நாள் பெரிதானால், சூடாக இருந்தால், காய்ச்சலும் சேர்ந்தால், பிதுக்கிப் பார்க்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஷவர் தலைக்குள் என்ன இருக்கிறது?

1976-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில், முன்னாள் படைவீரர்களின் அமைப்பான அமெரிக்கன் லீஜியன் நடத்திய மாநாட்டுக்கு வந்தவர்களுக்கு இனம்புரியாத நிமோனியா வந்தது. அவர்களில் 29 பேர் இறந்தார்கள். மறு ஆண்டு கண்டுபிடிக்கப்பட்ட பாக்டீரியாவுக்கு லீஜியனெல்லா என்றே பெயர் வைத்தார்கள். அது தண்ணீரில் வாழ்வது. 20 டிகிரியிலிருந்து 45 டிகிரி செல்சியஸ் வரையிலான தேங்கிய நீர் அதற்கு வசதி. அந்தத் தண்ணீரைக் குடிப்பதைவிட, அது நுண்துளிகளாகச் சிதறி மூச்சுக்குள் போவதுதான் ஆபத்து. ஷவர் செய்யும் வேலையே தண்ணீரைத் துளிகளாகச் சிதறடிப்பது.

பயமுறுத்தச் சொல்லவில்லை, ஆரோக்கியமான ஒருவருக்கு ஜிம் ஷவரில் இது வருவது அபூர்வம். வயதானவர்களும் புகைபிடிப்பவர்களும் நுரையீரல் பலவீனமானவர்களும் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். ஜிம் நடத்துகிறவர் செய்ய வேண்டியது சிக்கலானதும் இல்லை. சூடான நீரைத் தொட்டியில் 60 டிகிரியில் வைத்திருந்து, ஷவருக்கு வரும் இடத்தில் தோல் பொறுக்கும் சூட்டுக்குக் குளிர்நீர் கலப்பது ஒன்று. யாரும் போகாத மூலை ஷவரை வாரம் ஒரு தடவை சில நிமிடம் திறந்து ஓடவிடுவது இன்னொன்று. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஷவர் தலையைக் கழற்றி, உப்புப் படிவத்தை நீக்கிக் கழுவி மாட்ட வேண்டும். அந்தச் சுண்ணாம்புப் படிவம்தான் கிருமிகள் ஒளிந்துகொள்ளும் இடம்.

ஷவர் மூலையில், ஓடுகளின் இணைப்பில் இளஞ்சிவப்பு நிறத்தில் வழவழப்பாக ஒன்று படிவதைப் பார்த்திருப்பீர்கள். சோப்பின் சாயம் என்று நினைப்பார்கள். அதுவும் பாக்டீரியாதான், பெரும்பாலும் செராஷியா போன்றவை. பாக்டீரியாக்கள் கூட்டமாகச் சேர்ந்து தங்களைச் சுற்றி ஒரு பிசினைச் சுரந்து அதற்குள் வாழ்கின்றன. மேலே மருந்து ஊற்றினால் மேல்தட்டு மட்டும் சாகும். பிரஷ் போட்டுத் தேய்த்துப் பிசினைக் கிழித்தால்தான் மருந்து உள்ளே இறங்கும்.

தேய், கொல், காயவை

சுத்தம் செய்வதும் கிருமி நீக்குவதும் ஒரே வேலை என்று நாம் நினைக்கிறோம். இரண்டும் தனித்தனி, வரிசையும் மாறக்கூடாது. முதலில் சோப்புத் தண்ணீர்: அழுக்கு, எண்ணெய், தோல் செதில், முடி எல்லாவற்றையும் பெயர்த்து அகற்றுவது. பெரும்பங்குக் கிருமிகள் இதிலேயே போய்விடும். அதன் பிறகுதான் கிருமிநாசினி. அழுக்கின்மேலேயே பிளீச் ஊற்றினால் குளோரின் அந்த அழுக்கோடு வினைபுரிந்தே தீர்ந்துபோகும். கிருமியைக் கொல்ல ஒன்றும் மிச்சம் இருக்காது.

அடுத்து, எல்லா இடத்திலும் கோட்டைவிடப்படுவது நேரம். தெளித்த கையோடு துடைப்பதைத்தான் எங்கும் பார்க்கிறேன். ஒவ்வொரு கிருமிநாசினிக்கும் பரப்பு நனைந்தபடியே இருக்க வேண்டிய நேரம் ஒன்று உண்டு. டப்பாவின் பின்புறம் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். சிலதுக்கு ஒரு நிமிடம், சிலதுக்குப் பத்து நிமிடம். பத்து நிமிடம் கேட்கும் மருந்தைப் பத்து வினாடியில் துடைத்தெடுத்தால், காசு கொடுத்து வாங்கிய தண்ணீரால் துடைத்ததாகத்தான் கணக்கு.

பிளீச் பயன்படுத்துவதென்றால் கணக்கு எளிது. 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் திரவத்தில் 200 மில்லி எடுத்து, தண்ணீர் சேர்த்து 10 லிட்டர் ஆக்கினால் 0.1 சதவீதக் கரைசல் கிடைக்கும். தரைக்கும் பெஞ்சுக்கும் அது தாராளம். கரைசலை அன்றன்று கலக்க வேண்டும்; திறந்து வைத்தால் வீரியம் குறைந்துகொண்டே போகும். உலோகத்தை அரிக்கும் என்பதால் லாக்கர் கைப்பிடி, தாழ்ப்பாள் போன்றவற்றைப் பிறகு வெறும் தண்ணீரால் துடைத்துவிடுவது நல்லது. கூடுதலாக ஊற்றினால் கூடுதலாகச் சுத்தம் ஆகும் என்பது கற்பனை. கண் எரியும், மூச்சு அடைக்கும், அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தை மட்டும் சத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது: பிளீச்சோடு கழிப்பறை ஆசிடைக் கலக்கவே கூடாது. குளோரின் வாயு வெளியேறும். ஜன்னல் இல்லாத சின்ன அறையில் அது உயிருக்கே ஆபத்து. அம்மோனியா உள்ள கண்ணாடி துடைக்கும் திரவத்தோடும் சேரக்கூடாது. இரண்டு நல்ல மருந்துகளைச் சேர்த்தால் இன்னும் நல்ல மருந்து வரும் என்று நினைக்கும் ஊழியர் எல்லா இடத்திலும் ஒருவராவது இருப்பார். அவருக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

துடைக்கும் துணிக்கும் ஒழுங்கு தேவை. கழிப்பறையைத் துடைத்த துணியாலேயே லாக்கரைத் துடைத்தால் இங்கிருந்ததை அங்கே குடிவைத்ததாக ஆகும். பல இடங்களில் நிறம் பிரித்து வைத்திருக்கிறார்கள்: கழிப்பறைக்குச் சிவப்பு, வாஷ்பேசினுக்கு மஞ்சள், பெஞ்சுக்கும் லாக்கருக்கும் நீலம். எந்த நிறம் என்பது முக்கியமில்லை, எல்லோரும் ஒன்றையே பின்பற்றினால் போதும். மேலிருந்து கீழே, அழுக்குக் குறைந்த இடத்திலிருந்து கூடிய இடத்துக்கு என்று போக வேண்டும். மாப்புக்கு இரண்டு வாளி: ஒன்றில் மருந்து, மற்றதில் அலசும் தண்ணீர். ஒற்றை வாளியில் முக்கி முக்கித் துடைத்தால் நான்காவது தடவைக்கு மேல் தரைக்குப் பூசுவது சேற்றுத் தண்ணீரைத்தான்.

எதைத் துடைப்பது என்று கேட்டால் எல்லோரும் தரையையும் கழிப்பறையையும் சொல்வார்கள். கை அடிக்கடி படும் இடங்கள் தப்பித்துவிடும்: லாக்கர் சாவி, எண் பூட்டின் பொத்தான்கள், ஹேர் டிரையர் கைப்பிடி, விளக்கு சுவிட்ச், ஷவர் திருகு, வெளியே போகும் கதவின் உட்புறக் கைப்பிடி. லாக்கரின் உள்தரையும் அப்படியே. ஷூவையும் துண்டையும் ஒரே தட்டில் வைக்கிறோம். அந்தத் தட்டைத் துடைத்து எத்தனை நாள் ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது. பெஞ்சின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்க்கும் துணிச்சல் எனக்கு ஒருமுறை வந்தது. மறுபடி வரவில்லை.

இனி, யாரும் வேலை என்றே கருதாத வேலை: காயவைப்பது. கழுவி முடித்ததும் தரையில் நிற்கும் தண்ணீரை வைப்பரால் வடிகாலுக்குத் தள்ளுவது பாதி வேலை. அதற்குத் தரை சரிவாக இருக்க வேண்டும். ஒரு மீட்டருக்கு ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் சரிவு இருந்தால் தண்ணீர் தானாக ஓடும். கட்டும்போது இதில் தவறிவிட்டால் வாழ்நாள் முழுக்கத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். மீதி வேலை காற்றுடையது. எக்ஸாஸ்ட் ஃபேன் ஈரக்காற்றை வெளியே தள்ள வேண்டுமானால் உள்ளே வேறு காற்று வர வழி வேண்டும். கதவையும் ஜன்னலையும் இறுக்கி மூடிவிட்டு ஃபேன் ஓடவிடுகிறார்கள். அது பாவம் சுற்றிக்கொண்டிருக்கும், காற்று நகராது. கதவின் அடியில் ஓர் இடைவெளியோ கீழே ஒரு ஜாலியோ போதும். கடைசி ஆள் குளித்து முடித்த பிறகும் அரைமணி நேரமாவது ஃபேன் ஓட வேண்டும். மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று கையோடு அணைத்தால், இரவு முழுக்க அந்த ஈரம் சுவரில் உட்கார்ந்திருக்கும். ஈரம் ஊறிய பரப்பில் பூஞ்சணம் தலைகாட்ட 24 முதல் 48 மணி நேரம் போதுமானது. சுவரில் ஓர் ஈரப்பத மானியை மாட்டிவைத்து, அளவு 60 சதவீதத்துக்குக் கீழே இறங்குகிறதா என்று பார்ப்பது, பத்து வகை மருந்து வாங்கி அடுக்குவதைவிடப் புத்திசாலித்தனம்.

பொருட்களைத் தேர்ந்தெடுக்கும்போதே பாதி யுத்தம் முடிந்துவிடும். கம்பளம் வேண்டவே வேண்டாம். பூச்சு உரிந்த மரப் பெஞ்ச் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பூச்சு போடுங்கள் அல்லது மாற்றுங்கள். வழுக்காமல் இருக்க விரிக்கும் ரப்பர் பாய் அடியில் எப்போதும் ஈரமாகவே இருக்கும், தினமும் தூக்கி நிறுத்திக் காயவைக்க வேண்டும். லாக்கர் கதவில் காற்றுத் துளைகள் இருப்பது அழகுக்காக இல்லை. ஜிம்மே துண்டு கொடுக்கிறது என்றால் 60 டிகிரி சூட்டில் துவைத்து, முழுக்க உலர்த்தி, பயன்படுத்திய துண்டுக் கூடையின் பக்கமே போகாத இடத்தில் அடுக்க வேண்டும்.

எதற்குப் பயப்பட வேண்டாம்?

கழிப்பறை இருக்கைக்கு. பால்வினை நோய் அங்கே உட்கார்ந்தால் வரும் என்பது சுற்றிக்கொண்டே இருக்கும் கதை. அந்தக் கிருமிகள் உடலுக்கு வெளியே உலர்ந்த பரப்பில் அதிகநேரம் தாக்குப்பிடிப்பதில்லை. இருக்கையைத் தொடாமல் அந்தரத்தில் நின்றுவிட்டு, கையைக் கழுவாமல் கதவைத் திறந்துகொண்டு போகிறவரைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். சோப்பு போட்டு 20 வினாடி கழுவி, கையைத் துடைத்துக்கொள்ளுங்கள். துடைப்பதும் சேர்ந்ததுதான் கழுவுவது. ஈரக்கை, உலர்ந்த கையைவிட அதிகமாகக் கிருமியை வாங்கும், அதிகமாகக் கொடுக்கும். கிருமிநாசினியைப் புகையாகத் தெளிக்கும் இயந்திரம், புற ஊதா விளக்கு போன்ற விளம்பரங்களுக்கும் மயங்க வேண்டாம். அழுக்கு படிந்த பெஞ்சுக்கு முதலில் தேவை துணியும் சோப்பும்.

உங்கள் பைக்குள்

ஜிம் என்னதான் செய்தாலும் மிச்சம் நம் கையில் இருக்கிறது. செலவில்லாத பழக்கங்கள்தான். தண்ணீர் தங்காத, ஓட்டை உள்ள ரப்பர் செருப்பு ஒன்றை ஷவருக்கென்றே வைத்துக்கொண்டு, குளிக்கும்போதும் கழற்றாமல் இருங்கள். குளித்ததும் ஷவர் தடுப்புக்குள்ளேயே உடம்பைத் துடைத்துவிட்டு வெளியே வந்தால், அடுத்தவர் சாக்ஸ் மாட்டும் இடத்தில் உங்கள் குளம் இருக்காது. உடம்புக்கு ஒரு துண்டு, காலுக்கு இன்னொரு சின்னத் துண்டு. ஒன்றுதான் இருக்கிறது என்றால் காலைக் கடைசியாகத் துடைக்க வேண்டும், ஒவ்வொரு விரலிடுக்காக. பெஞ்சில் உட்காரும் முன் துண்டை விரித்துக்கொள்ளலாம். விரித்த பக்கத்தால் பிறகு முகத்தைத் துடைக்காமல் இருந்தால் சரி.

வீட்டுக்கு வந்ததும் பையை ஒரு மூலையில் போட்டுவிட்டு, மறுநாள் கிளம்பும்போதுதான் திறப்பவர்கள் எத்தனை பேர்! நனைந்த பனியனும் துண்டும் சாக்ஸும் இறுக்கமாக மூடிய பைக்குள் ஓர் இரவு கிடந்தால், உடை மாற்றும் அறையை நீங்களே சின்னதாக வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். வந்தவுடன் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, பையின் வாயைத் திறந்து காற்றாட வையுங்கள். பையையும் எப்போதாவது துவைக்கலாம், தப்பில்லை. ஷூ இரண்டு ஜோடி இருந்தால் மாற்றி மாற்றிப் போடுவது நல்லது. உள்ளே ஊறிய வியர்வை ஒரே நாளில் முழுக்க உலர்வதில்லை.

புதிதாக ஒரு ஜிம்மில் சேரப் போகிறீர்கள் என்றால், காலையில் திறந்தவுடன் போய்ப் பார்க்காதீர்கள். அப்போது எல்லா அறையும் அழகாகத்தான் இருக்கும். கூட்டம் முடியும் நேரத்தில் போங்கள். ஷவருக்கும் பெஞ்சுக்கும் இடையே தரை எப்படி இருக்கிறது, எக்ஸாஸ்ட் ஃபேனுக்குப் பக்கத்தில் ஒரு காகிதத்தைக் காட்டினால் அதை இழுத்துப் பிடிக்கிறதா, கூரையின் மூலையில் கருப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு மாப்பை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தேடுங்கள். கலங்கிய தண்ணீர் வாளிக்குள் தலைகுப்புற நின்றுகொண்டிருந்தால் வேறு ஜிம் பார்க்கலாம். பிழிந்து, துணிப் பக்கம் மேலே இருக்கும்படி சுவரில் மாட்டிக் காயவிட்டிருந்தால், சந்தாவுக்குக் கையெழுத்துப் போடும் முன் அதை மாட்டியவர் யாரென்று கேட்டு ஒரு வணக்கம் வைத்துவிட்டு வாருங்கள்.